செய்துகொண்டே சொல்ல வேண்டிய மொழி

1

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என் மனைவியின் முன்னால் படம் போட்ட அட்டைகளைப் பரப்பினாள். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவள். முதல் அட்டையில் ஒரு மனிதன் ஓடுகிறான். அடுத்ததில் குழாயில் தண்ணீர். அடுத்ததில் சளி பிடித்த குழந்தை. பிறகு ஒரு பஸ். கடைசியில் ஒரு கடைக்காரர் தன் கடை வாசலில் நிற்கிறார். எல்லா அட்டைக்கும் பதில் ஒரே சொல்தான்: ரன். மனிதன் ஓடுவதும் அதுதான், தண்ணீர் கொட்டுவதும் அதுதான். மூக்கு ஒழுகுவதற்கும், பஸ் விடுவதற்கும், கடை நடத்துவதற்கும் இங்கிலாந்தில் அதே சொல்தான்.

"உங்கள் மொழியில் இவற்றுக்கெல்லாம் என்ன சொல்வீர்கள்?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல் சொன்னேன். "இத்தனையா?" என்று வியந்தாள்.

என் மனைவி தனகோட்டி அட்டைகளைப் பார்க்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ஐ ஆம் கோயிங் டு த டோர்" என்றாள். நான் கதவை நோக்கிப் போகிறேன். அவள் எங்கும் போகவில்லை. வலது காலும் வலது கையும் விழுந்துவிட்டன. சற்றுப் பொறுத்து, "ஐ ஆம் ஓப்பனிங் த டோர்" என்றாள். மூளையில் இரத்தம் கட்டிய பிறகும் என்னிடம் அவள் பேசுவது இந்த மாதிரி வாக்கியங்களை மட்டும்தான்.

"தெளிவான வாக்கியம். எங்கே கற்றுக்கொண்டார்கள்?" என்றாள் அந்தப் பெண்.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும். இங்கே படிக்க யாரும் இல்லை. என் மகள் மாலதிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதற்கும் நான்தான் காரணம். தனகோட்டி என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேச வேண்டும். திட்டினாலும் சரி. இந்த வயதில் எனக்கு வேறு ஆசை இல்லை. அது நடக்காது என்றும் ஏறக்குறைய எனக்குத் தெரிந்துவிட்டது.

2

அறுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். சொந்த ஊர் திருவள்ளூர். பி.ஏ., பி.டி. படித்தவன். பயிற்சிக் கல்லூரியில் அப்போது ஒரு புது முறை சொல்லித்தந்தார்கள். ஆங்கிலத்தைத் தமிழில் விளக்கக் கூடாது. வகுப்பில் தமிழே காதில் விழக் கூடாது. எதைச் சொல்கிறோமோ அதைச் செய்ய வேண்டும். எதைச் செய்கிறோமோ அதைச் சொல்ல வேண்டும். மாணவன் எழுந்துகொண்டே "நான் எழுந்து நிற்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்வான். கரும்பலகையை நோக்கி நடந்துகொண்டே "நான் கரும்பலகைக்குப் போகிறேன்" என்பான். போவது, வருவது, எடுப்பது, வைப்பது, திறப்பது, மூடுவது. முதல் வருடம் முழுவதும் பாடம் இவ்வளவுதான்.

என் வகுப்பில் இருந்தவர்கள் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிறவர்களின் பிள்ளைகள், சுற்றுவட்டாரத்தில் கழனி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். ஆங்கிலத்தின் வாடையே படாதவர்கள். பொங்கலுக்குள் வகுப்பு முழுவதும் ஆங்கிலம் பேசியது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். நான் அந்த முறையை நம்பினேன். பிழைப்புக்காகச் செய்யவில்லை. பக்தியாகவே செய்தேன்.

ஒருநாள் பாடத்தின் நடுவில் ஒரு மாணவன் எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்தான். தலைமையாசிரியர் வராந்தாவில் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா போற, சாரைக் கேக்காம?"

"கேட்டுக்கினுதான் சார் போறேன்."

"கேக்கறவன் உள்ள நின்னு கேக்கணும்."

"நடந்தாத்தான் சார் இங்கிலீஷ்ல சொல்ல முடியும். ஐ ஆம் கோயிங் டு த ட்ரீ. உள்ள குந்திக்கினு சொன்னா பொய்யாப் பூடும் சார்."

ஆசிரியர் அறையில் அன்று முழுவதும் சிரிப்பு. யார் சிறுநீர் கழிக்கப் போனாலும் "டு த ட்ரீ" என்றார்கள். நானும் சிரித்தேன். நான் சொல்லித்தந்த ஆங்கிலத்தில் அனுமதி கேட்க முடியாது. வேண்டும் என்று சொல்ல முடியாது. வலிக்கிறது, பயமாக இருக்கிறது, நேற்று இப்படி நடந்தது, எதையும் சொல்ல முடியாது. அதையெல்லாம் மேல் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

தனகோட்டி பள்ளிப்பட்டுக்காரி. ஆந்திர எல்லை ஊர். அப்பாவை நைனா என்பாள், பணத்தை டப்பு என்பாள். எட்டாவதோடு படிப்பு நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் நாங்கள் குடியிருந்தோம். தெருக்குழாயில் அவள் பேசுவதைக் கேட்பதற்காகவே நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். யாருடைய மாமியார் எப்படி நடப்பாள், எந்த டிக்கெட் பரிசோதகர் எப்படி மூக்கை உறிஞ்சுவார், எல்லாம் செய்து காட்டுவாள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். கூச்சமாக இருந்தது. வாத்தியார் பெண்டாட்டி வீட்டை ஊடு என்கிறாளே என்று கூச்சம்.

இங்கிலாந்து போய் வேலை பார்க்க அனுமதிக்கும் வேலைச் சீட்டு கிடைத்ததும், கிளம்புவதற்குள் அவளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சமையலறையில் வகுப்பு நடந்தது. முறைப்படி மொழிபெயர்க்கக் கூடாது. முதல் நாள் மட்டும் விதியை மீறி, "கோ என்றால் போ" என்றேன்.

"போன்னா எங்க போறது?"

"கதவுக்குப் போ. போய்க்கொண்டே சொல்லு."

"கரண்ட்டு போச்சுன்றோமே, அது இன்னா கதவத் தொறந்துகினா போச்சு? தூக்கம் போச்சு, மானம் போச்சு, எதிரூட்டுக் கெயவிக்குக் கண்ணு போச்சு. எல்லாத்துக்கும் கோ போட்டுக்கலாமா வாத்தியாரே?"

"எதிர்க்கேள்வி கேட்காதே. செய், சொல்."

"சரி. கோயிங்கு, கோயிங்கு" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடுப்புக்கும் கதவுக்கும் நடந்தாள். "காலுதான் நோவுது. இங்கிலீஷ்காரிங்க எப்பிடித்தான் குந்திக்கினு பேசறாளுங்களோ."

அன்றைக்கு அவள் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின.

3

வேலைச் சீட்டில் ஆசிரியர் என்றுதான் போட்டிருந்தது. இங்கே கல்வி அலுவலகத்தில் ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டார். பிறகு மரியாதையாகவே, என் உச்சரிப்பு குழந்தைகளுக்குப் பிடிபடாது என்றார். பஸ் டிப்போவில் ஆள் வேண்டியிருந்தது. கண்டக்டர் ஆனேன். அங்கே என்னைப் போல் பட்டம் வாங்கியவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். நாங்கள் எங்கள் பட்டங்களைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

நாள் முழுவதும் நான் சொன்ன ஆங்கிலம் எல்லாம் அசைவுச் சொற்கள்தான். உள்ளே நகருங்கள், மேலே ஏறுங்கள், பார்த்து இறங்குங்கள். அதற்கு என் பயிற்சி போதும். மற்றவர்கள் என்னிடம் பேசும்போதுதான் அந்தச் சொற்கள் கையை விட்டு நழுவின. பால் "கோ ஆஃப்" ஆனால் கெட்டுவிட்டது. கடிகார மணி "கோ ஆஃப்" ஆனால் அடிக்கத் தொடங்கிவிட்டது. விளக்கு "கோ ஆஃப்" ஆனால் அணைந்துவிட்டது. ஒன்றும் கதவைத் திறந்துகொண்டு போகவில்லை. "ஃபால்" என்று சொல்லி இந்த ஊர்க்காரர்கள் தூக்கத்தில் விழுகிறார்கள், காதலில் விழுகிறார்கள், நோயில் விழுகிறார்கள். வாடகை பாக்கி வைத்தால் பின்னால் விழுகிறார்கள். ஒருவரும் தரையில் விழுவதில்லை. பால் "டர்ன்" ஆகித் திரும்பினால் புளித்துவிட்டது. வயிறு திரும்பினால் குமட்டுகிறது. ஒருவர் நாற்பதுக்குத் திரும்பினால் வயதாகிவிட்டது. வயிற்றில் பிள்ளையைத் தாங்குவதற்குக்கூட, மூட்டை சுமப்பதற்கு உள்ள அதே "கேரி"தான்.

இங்கே தங்குவதற்கு அனுமதி வாங்க வரிசையில் நின்றபோது அந்த அனுமதிக்கு என்ன பெயர் என்று பார்த்தேன். லீவ். நீ இருக்கலாம் என்பதற்குப் போவதைக் குறிக்கும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். அதே எழுத்துதான் என்றாலும் வேறு வேரிலிருந்து வந்த சொல் என்று பிறகு அகராதியில் பார்த்தேன். அன்றைக்கு ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "மூவ் அலாங்" என்றார். அது புரிந்தது. நான் தினமும் சொல்வதுதான்.

ஓர் ஆங்கில ஆசிரியனுக்கு இதெல்லாம் ஆனந்தமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது. கும்மிடிப்பூண்டியில் காலுக்கு மட்டும் சொல்லித்தந்த சொற்கள் இங்கே எப்போதோ காலை விட்டுக் கிளம்பிப் போயிருந்தன. இதை எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு வகுப்பு இல்லை. பஸ் கண்டக்டரிடம் யார் பாடம் கேட்பார்கள்? எனக்கு மிச்சம் இருந்த வகுப்பு வீடுதான். அதில் ஒரே மாணவி.

4

மாலதி ஊரிலிருந்து கைக்குழந்தையாக வந்தவள். "ஊடு", "பாலு", "தாத்தா நைனா" என்று பேசத் தொடங்கியிருந்தாள். பள்ளியில் சேர்த்தபோது அங்கிருந்த ஆசிரியை, வீட்டில் ஆங்கிலமே பேசினால் குழந்தைக்கு நல்லது என்றாள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆசிரியை சொன்னது ஒரு யோசனை. நான் அதைச் சட்டமாக்கினேன். எங்கள் கதவைத் தாண்டி உள்ளே வந்தால் தமிழ் கிடையாது.

தாய்மொழியில் பேசும் மாணவனைத் திட்டாதே, கேட்காதவன் போல இரு என்று பயிற்சிக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அதையே செய்தேன். தனகோட்டி தமிழில் பேசினால் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்னாங்க, அந்தத் தலைநோவு மாத்திர எங்க வச்ச?"

தட்டைப் பார்த்தேன்.

"ஒன்னியத்தான் கேக்கறேன். காதுல பஞ்சா அடச்சிக்கினு கீற?"

தட்டைப் பார்த்தேன். மாலதி சிரித்தாள். தனகோட்டியும் முதலில் இதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். தண்ணீர்ச் செம்பை என் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "ஐ ஆம் போரிங் வாட்டர் ஆன் டீச்சர்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். முறைப்படி சரியான வாக்கியம். ஊற்றத்தான் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மாலைப் பாடம். அன்று பகலில் செய்தவற்றை அவள் மறுபடி செய்து காட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கிறேன். ரொட்டியை எடுக்கிறேன். கடைக்குப் போகிறேன். திரும்பி வருகிறேன். நாளாக ஆக வாக்கியங்கள் சுத்தமாயின. தெருக்குழாயில் ஊரையே நடித்துக் காட்டியவள் எங்கள் அறையின் நடுவில் நின்று ரொட்டி எடுப்பதை நடித்துக் காட்டினாள். அவள் சொல்வதில் மனிதர்களே வருவதில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. ஆசை வருவதில்லை, கோபம் வருவதில்லை. நான் அதற்குத் தேர்ச்சி என்று பெயர் வைத்திருந்தேன்.

மாலதியின் தமிழ் ஒரு குளிர்காலத்துக்குள் போய்விட்டது. அம்மாவின் தலைக்கு மேலாக அவளும் நானும் வேகமாக ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். தனகோட்டி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து முடிக்கும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

5

எழுபதுகளின் நடுவில் அவளுடைய நைனா காலமானார். கருமாதிக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. பள்ளிப்பட்டில் காரியம் முடிந்ததும் கும்மிடிப்பூண்டியில் அவள் தங்கை கோவிந்தம்மா வீட்டில் சில நாட்கள் தங்கினோம். ஊர் மாறத் தொடங்கியிருந்தது. தொழிற்பேட்டைக்காகக் கழனிகளில் கல் நட்டிருந்தார்கள். செம்மண் ரோட்டில் லாரிகள் போயின. என்னிடம் படித்த பலர் இரும்பு ஆலை ஒன்றில் காக்கிச் சட்டையோடு வேலைக்குப் போனார்கள். கோவிந்தம்மாவின் புருஷனும் அங்கேதான்.

தனகோட்டி வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து பேசினாள். துக்க வீட்டிலேயே சிரிக்கவைத்தாள். இங்கிலாந்தில் மீன் கடைக்காரன் மீனைத் தொடாமல் எப்படிக் கொடுப்பான் என்று செய்து காட்டினாள். நான் பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுவிடும். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் தனகோட்டி மாலதியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கோவிந்தம்மா கொல்லையில் மடவை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாமா, அங்க அக்காவ பேசவே வுடமாட்டீங்களாமே."

"யார் சொன்னது?"

"வேற யாரு? ஊமைக்கு வாக்கப்பட்டிருந்தாக்கூட கையக் கால ஆட்டிப் பேசியிருப்பேன், இவுருக்கு வாக்கப்பட்டு கையக் கால மட்டும் ஆட்டிக்கினு கீறேன்னு சொல்லுது."

"அவளுக்கு இங்கிலீஷ் வரணும்னுதான் கோவிந்து."

"வந்துச்சா?"

"வாக்கியமெல்லாம் சுத்தமாப் பேசறா."

"சுத்தமா." மீனைத் திருப்பிப் போட்டுச் செதில் சுரண்டினாள். "புள்ள கலஞ்சி கெடந்துச்சே, அன்னிக்கிக்கூட சுத்தமாத்தான் பேசிச்சா?"

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அவள் கை நின்றது. என் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மரியாதையும் போய்விட்டது.

"ஒனக்குத் தெரியாதா? மூணாவது மாசம். நீ பஸ்ஸுக்குப் போய்ட்ட, பாப்பா இஸ்கோலுக்குப் போயிடுச்சி. பாத்ரூமுல தனியாக் கெடந்திருக்குது. இன்னா மாமா, தெரியாதுன்ற. ஒன்னாண்ட சொன்னேன்னு சொல்லுச்சே."

எனக்கு உடனே அந்த மாலை ஞாபகம் வந்தது.

அதற்கு முந்தின வாரத்தில் அவள் இரண்டொரு தடவை தமிழில், "இன்னாங்க, ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கியிருந்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாலை பாடத்துக்கு அவள் எழுந்து நிற்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே சொன்னாள். நான் கட்டிலில் படுத்திருக்கிறேன். நான் எழுந்திருக்கிறேன். நான் குளியலறைக்குப் போகிறேன். நான் தரையில் உட்காருகிறேன். நான் தரையைக் கழுவுகிறேன். நான் துணியைக் கழுவுகிறேன். நான் கட்டிலில் படுத்திருக்கிறேன். எல்லாம் ஆங்கிலத்தில், ஒன்றன் பின் ஒன்றாக, பிழையில்லாமல். அவளிடம் இருந்த சொற்களை வைத்து முழுவதையும் சொல்லிவிட்டாள். நான் "குட்" என்றேன். படுத்திருப்பதை இரண்டு முறை சொல்லியிருக்கிறாய், நாளைக்குப் புதிதாக ஏதாவது சொல் என்றும் சொன்னேன்.

கோவிந்தம்மா சொன்னது கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்கு முந்தைய சமாசாரம். மூன்று வருடமும் அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டும் மாலைப் பாடம் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

மறுநாள் சென்னைக்குப் போக ஸ்டேஷன் பெஞ்சில் நானும் தனகோட்டியும் உட்கார்ந்திருந்தோம். மாலதி சித்தப்பாவோடு எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் போயிருந்தாள். அப்போது என் வாயில் தமிழ் இருந்தது. எனக்குத் தெரியாமல் போச்சு தனகோட்டி என்று சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் புரியக் கூடாது என்று நினைத்தேனோ என்னவோ. அது சாக்கு. தமிழில் கேட்டால் நான் அவள் புருஷன். ஆங்கிலத்தில் கேட்டால் இன்னும் வாத்தியார். ஆங்கிலத்தில்தான் கேட்டேன். "வொய் டிட் யூ நாட் டெல் மீ?" ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எந்த மொழியில் பேசுவேன் என்று அவள் காத்திருந்திருக்கிறாள் என்பது அப்போது அந்த முகத்தில் தெரிந்தது. பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

"ஐ டோல்ட் யூ. யூ செட் குட்."

உங்களிடம் சொன்னேன், நீங்கள் நன்று என்றீர்கள் என்று அதற்குப் பொருள். சென்னை வண்டி வந்தது. ஏறினோம்.

6

இங்கிலாந்துக்குத் திரும்பியதும் சட்டத்தை எடுத்துவிட்டேன். அப்படி அறிவிக்கவில்லை, அதற்குத் தைரியம் வரவில்லை. நானாகத் தமிழில் பேசத் தொடங்கினேன். "கொஞ்சம் தண்ணி குடு" என்றேன். "ஐ ஆம் கிவிங் வாட்டர்" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள். கோபம் இல்லை, ஏளனம் இல்லை. நான் கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தாள். வீட்டுக்குத் தொலைபேசி வந்த பிறகு கோவிந்தம்மாவோடு பேசுவாள். என் சாவி சத்தம் கேட்டால், "அவுரு வந்துட்டாரு, வச்சிடறேன்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை வாசலுக்கு வெளியே நின்று நான் பல வருடங்கள் கேட்டிருக்கிறேன். அதுவும் என்னிடம் சொன்னது இல்லை.

இப்படியே நாங்கள் கிழவர்கள் ஆனோம். போன வருடம் அவளுக்கு இரத்தக் கட்டு. என்னால் அவளைத் தூக்க முடியவில்லை. மாலதி ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தாள். "அம்மாவை மூவ் பண்ணிவிடலாம் அப்பா" என்றாள். மேசையை நகர்த்துவதற்கும் அந்தச் சொல்தான். பேச்சுப் பயிற்சிப் பெண் அங்கேதான் வருகிறாள். தாய்மொழியில் பேசிக்கொண்டே இருங்கள், திரும்பி வரலாம் என்கிறாள். நான் தினமும் பிற்பகல் தனகோட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிப்பட்டைப் பற்றி, கோவிந்தம்மாவைப் பற்றி, தெருக்குழாயைப் பற்றித் தமிழில் பேசுகிறேன். அவள், நான் கதவுக்குப் போகிறேன், நான் கதவைத் திறக்கிறேன் என்கிறாள்.

இரண்டு நாளைக்கு முன்பு மாலதி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, இன்னாமே என்றால் என்ன?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அம்மா. சாப்பாடு கொண்டுவருகிற பெண்ணிடம் நிறையப் பேசுகிறாள். ரொம்ப நாளாகப் பேசுகிறாளாம். நான் தமிழாக இருக்கும் என்று நினைத்தேன்." ஆங்கிலத்தில்தான் சொன்னாள். கொஞ்சம் தயங்கி, "உங்களிடம் பேசுவதில்லையா?" என்றாள்.

அந்தப் பெண்ணின் பெயர் வதனி. யாழ்ப்பாணத்துக்காரி. மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே போய் அவளை நடையில் பிடித்தேன். அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"அம்மா நல்லாக் கதைப்பா ஐயா. சொல்லுகள் கொஞ்சம் தடக்கித் தடக்கித்தான் வரும். நீங்கள் வந்தால் ஏனோ நிப்பாட்டிப் போடுவா. நான் என்னெண்டு இதை உங்களுக்குச் சொல்லுறது எண்டு இருந்திட்டன்."

"அதனால் என்ன அம்மா. நான் இங்கேயே உட்காருகிறேன். நீ உள்ளே போ" என்றேன்.

அறைக்கு வெளியே சுவரோரம் ஒரு நாற்காலி இருக்கிறது. அங்கிருந்து தனகோட்டியைப் பார்க்க முடியாது, அவளாலும் என்னைப் பார்க்க முடியாது. வதனி தட்டோடு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

"அம்மா, கொஞ்சம் சாப்பிடுங்கோ."

"இன்னாமே இது?"

அவள் குரல்தான். இடறியது, இழுத்தது, நடுநடுவே நின்றது. ஆனால் அவளுடைய குரல்.

"உருளைக்கிழங்கு மசிச்சது அம்மா."

"மூஞ்சில அப்பிக்கிற மாவாட்டம் கீது. இத்த... இத்தத் துன்னா நாக்கு ஒட்டிக்கும். ஒனக்கு ஒங்க ஊட்ல யாரும் சமைக்கச் சொல்லித் தர்லியா?"

வதனி சிரித்தாள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நான் யோசிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட வேண்டும் என்று கால் பரபரத்தது.

"ஐயாவும் உங்கட சமையல்தானே சாப்பிடுறவர்?" என்றாள் வதனி. நான் வெளியே இருக்கிறேன் என்று தெரிந்துதான் கேட்டாள் என்று நினைக்கிறேன். நல்ல பெண்.

கரண்டி தட்டில் படும் ஓசை மட்டும் கேட்டது.

"அவுரு பஸ்ஸுக்குப் போய்க்கீறாரு. வர்ற நேரந்தான்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நான் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. "தோ பாரு, அவுரு வந்துட்டா நீ இந்த மாரி பேசாத, இன்னா? காது கேக்காத மாரி தலயக் குனிஞ்சிக்கினு குந்தியிருப்பாரு. பாக்கவே பாவமா இருக்கும்."

வதனி வெளியே வந்தபோது நான் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உள்ள வரேல்லையோ ஐயா?"

"வேண்டாம். அவள் சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றேன்.